உள்ளே எக்ஸ் கூட்டல் மூன்று

பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கு டீச்சருக்கு ‘முதல்லென்ன’ என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. எந்த வருடத்துப் பிள்ளைகள் என்று தெரியாது. ஒவ்வொரு வகுப்பும் அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

எதைக் கேட்டாலும் ‘முதல்ல என்ன?’ என்றுதான் ஆரம்பிப்பார். குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டால், குழாய் முதலில் ஒழுகியதா, வாஷர் முதலில் தேய்ந்ததா என்று அந்த ஆளை நிறுத்திவைத்துக் கேட்பார். கணவர் பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த அன்று, மருந்துப் பெட்டியைத் திறந்தபடியே விசாரித்தார்.

“முதல்ல என்ன? கால் வழுக்கிச்சா, பஸ் கிளம்பிச்சா?”

“முதல்ல விழுந்தேன்” என்றார் கணவர். “மத்ததெல்லாம் அப்புறம்.”

கணவர் பேச்சில் சிக்கனமானவர். தேர்வு அலுவலகத்தில் பதிவுப் பிரிவில் வேலை. வினாக்களையும் விடைக்குறிப்புகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பிரிவு அது. அலுவலக விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்று விதி. அவருக்கு அந்த விதி கஷ்டமாக இல்லை. டீச்சர் பேசுவதே இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

டீச்சரைக் கோபக்காரி என்பார்கள். ஆசிரியர் அறையில் அவர் நுழைந்ததும் ஒருவர் நாற்காலியை நகர்த்திப் போடுவார், “வாங்க, இன்னிக்கு யாரு மாட்டினாங்க?” என்று. அதே அறையில் பௌதிக வாத்தியார் ஒருவர் இருந்தார். பிள்ளைகளின் நோட்டைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிவார். அவரைக் ‘கண்டிப்பானவர்’ என்பார்கள். டீச்சர் ஒரு நோட்டையும் எறிந்தவரில்லை. தப்பை இன்ன இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டுவார். அவ்வளவுதான். நோட்டை எறிகிறவரை மன்னித்துவிடலாம். விரல் வைக்கிறவரை மன்னிக்க முடியாது போலிருக்கிறது.

சேர்ப்புச் சார்புகள் பாடத்தை அவர் நடத்துவதைப் பார்க்க வேண்டும். ஒரு சார்பு என்பது ஓர் எண்ணை வாங்கி, அதற்கு ஏதோ செய்து, இன்னொரு எண்ணை வெளியே தள்ளுகிற சங்கதி. அந்த எண்ணை அடுத்த சார்பு வாங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் சேர்ப்புச் சார்பு. சேர்ப்பது எளிது. சேர்ந்து கிடப்பதைப் பார்த்து எது உள்ளே, எது வெளியே என்று பிரிப்பதுதான் பிள்ளைகளுக்கு வேப்பங்காய்.

கரும்பலகையில் ஒரு நீளமான கோவையை எழுதுவார். ஓர் எண்ணைச் சொல்வார். “ரெண்டு உள்ள போகுது. முதல்ல என்ன ஆச்சு?”

“மூணால பெருக்கினோம் டீச்சர்.”

“அப்புறம்?”

“ஒண்ணு கூட்டினோம்.”

“அப்புறம்?”

“வர்க்கம்.”

“முதல்ல நடந்தது உள்ள இருக்கு. கடைசியா நடந்தது வெளிய இருக்கு. எழுதறப்போ மட்டும் வெளிய இருக்கறவன் முன்னாடி வந்து நிப்பான். ஆபீஸ் மாதிரி. வாசல்ல பேர்ப்பலகை மேனேஜருக்கு, உள்ள வேலை பாக்கறது வேற ஆளு.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு இன்னொன்று சொல்வார். செய்ததை அவிழ்க்க வேண்டுமென்றால் வெளியே இருப்பதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். நேரே உள்ளே கை விட்டால் கிழியும்.

அந்த வருடம் தேர்வைக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே தேர்வு. அதில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் வந்தவர்களுக்கு மட்டும் அடுத்த வகுப்பில் கணக்குப் பிரிவு என்றார்கள். மற்றவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

டீச்சரின் வகுப்பில் ஒரு பெண். அவளுடைய அம்மா பெட்ரோல் பங்க்கில் வண்டிகளுக்கு எண்ணெய் போடுகிறவர். பெண் நன்றாகப் படிப்பாள் என்பதைவிட விடாமல் படிப்பாள் என்பது சரி. ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகு, இதை வேறு எப்படிப் போடலாம் என்று பக்கத்துப் பெண்ணைத் தொந்தரவு செய்வாள். கணக்குப் பிரிவைத் தவிர வேறு எதையும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒரே ஒரு கேள்வியில் கோட்டுக்குக் கீழே போனாள்.

கேள்வி இதுதான். நான்கு எக்ஸ் கூட்டல் பன்னிரண்டு, முழுவதற்கும் வர்க்கமூலம். இதை உள் சார்பு, வெளிச் சார்பு என இரண்டாகப் பிரித்து, இரண்டு பெட்டிகளில் தட்டச்சு செய்க.

பெரும்பாலோர் எழுதியது: உள்ளே நான்கு எக்ஸ் கூட்டல் பன்னிரண்டு, வெளியே வர்க்கமூலம். சரி. அந்தப் பெண் எழுதியது: உள்ளே எக்ஸ் கூட்டல் மூன்று, வெளியே வர்க்கமூலத்தின் இரண்டு மடங்கு. அதுவும் சரி. எக்ஸுக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் வழியில் பதினாறு, அதன் வர்க்கமூலம் நான்கு. இரண்டாவது வழியில் நான்கு, அதன் மூலம் இரண்டு, இரு மடங்கு நான்கு. எந்த எண்ணைப் போட்டாலும் இப்படித்தான் வரும். நான்கைப் பொதுவாக வெளியே எடுத்து, மூலத்தைத் தாண்டி இரண்டாக நிறுத்தியிருக்கிறாள். பரீட்சை அறையில் உட்கார்ந்து அதைப் பார்க்கக் கண் வேண்டும்.

கம்ப்யூட்டர் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தது. பூஜ்யம்.

டீச்சர் அதைப் பார்த்த இடத்திலேயே எழுந்தார். தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். அவரை எல்லோரும் ஹெச்.எம். என்பார்கள். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பழைய விருதுப் படங்களைச் செருகி வைத்திருப்பவர்.

“கம்ப்யூட்டர் போட்ட மார்க் டீச்சர். நான் என்ன செய்ய?”

“கம்ப்யூட்டர் தானா ஒண்ணும் போடாது சார். இதுதான் விடைன்னு யாரோ அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும்.”

“சிஸ்டம்னு ஒண்ணு இருக்கில்ல?”

சிஸ்டம். அந்தச் சொல்லைக் கேட்டால் டீச்சருக்கு உள்ளங்கை அரிக்கும். கை கால் இல்லாத சொல். அதைப் பிடித்து யாரையும் நிற்கவைத்துக் கேட்க முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் அதன்மேல் அவ்வளவு பிரியம்.

“உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார்? அவர் காதுல ஒரு வார்த்தை...” என்று ஹெச்.எம். இழுத்தார்.

“வீட்டு வழியா போனா அது சிபாரிசு சார். நான் கேக்கறது கணக்கு.”

ஆட்சேபணையைத் தேர்வு எழுதியவர்தான் தர முடியும் என்பது விதி. பெண்ணும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா பங்க்கிலிருந்து நேரே வந்திருந்தார். சீருடைத் தொப்பி கையில் இருந்தது. “ஒண்ணும் வம்பு வராதே டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். “வந்தா எனக்கு வரட்டும்” என்றார் டீச்சர்.

தேர்வு அலுவலகத்தில் கண்காணிப்பாளருக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. அவர் ஆட்சேபணையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“பொண்ணு உங்களுக்கு என்ன உறவு?”

“என் கிளாஸ்ல படிக்கறா. உறவா இருந்தாத்தான் வரணுமா?”

“அதுக்கில்ல. விடைக்குறிப்போட ஒத்துப்போகல. மெஷின் ஒப்பிட்டுப் பாத்திருக்கு. மெஷின் மேல தப்பில்ல.”

“சரி. மெஷின கழட்டி ஓரமா வெச்சாச்சு. அடுத்தது விடைக்குறிப்பு. அது யாரு குடுத்தது?”

“அது ரகசியம் டீச்சர்.”

“விடை சரியா தப்பான்னாவது பாருங்களேன். ஒரு நம்பர் சொல்லுங்க, போட்டுக் காட்டறேன்.”

“ஐயையோ” என்று சிரித்தார் கண்காணிப்பாளர். “எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். நான் வரலாறு.”

இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்று எந்த அதிகாரியாவது சிரித்துக்கொண்டே சொல்வாரா? கணக்கு வராது என்று மட்டும் மேடையிலேயே சொல்வார்கள். கை தட்டுவார்கள்.

டீச்சர் வெளியே வந்தார். பதிவுப் பிரிவு அதே தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. அங்கே திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினார்.

ரகசியம் என்று கண்காணிப்பாளர் சொன்னாரே தவிர, ஊரில் கணக்குச் சொல்லித் தருகிறவர்களுக்குள் அது ரகசியமே இல்லை. கைப்பக்குவம் போல எண்பக்குவம் என்று ஒன்று உண்டு. நான்கையும் பன்னிரண்டையும் பக்கத்தில் வைத்து, மேலே வர்க்கமூலத்தைக் கவிழ்த்து, தப்பிக்க ஒரு சின்னக் கதவையும் திறந்து வைக்கிறவர் ஊரில் ஒருத்தர்தான். கல்லூரி விரிவுரையாளர். டீச்சருடன் ஒன்றாகப் படித்தவர்.

மாடி வீடு. விரிவுரையாளர் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டும் தலையணை உறைகளும்.

“கேள்வித்தாள் எடுத்தது நீங்கதானே?”

“நானா? யாரு சொன்னா? நான் இந்த வருஷம் அந்தப் பக்கமே போகல” என்றார். அது ரகசியம் காக்கிற முறை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

“சரி, நீங்க இல்ல. யாரோ ஒருத்தர். அந்த நாலு எக்ஸ் கூட்டல் பன்னண்டுக்கு ஒரே ஒரு ஜோடிதான் சரின்னு எழுதிக் குடுத்திருக்காரு. என் பொண்ணு எக்ஸ் கூட்டல் மூணு உள்ள வெச்சிருக்கா. தப்புன்னு போட்டுட்டாங்க.”

“என்னது?” தோளிலிருந்து தலையணை உறை விழுந்தது. “தப்புன்னு போட்டுட்டாங்களா? அதுக்காகத்தானே அந்த நம்பரையே எடுத்தேன்! அந்த மாதிரி எவனாவது ஒருத்தன் பாக்கறானான்னு பாக்கத்தான்! கீழ தெளிவா எழுதினேனே, இதற்குச் சமமான எந்த ஜோடியும் ஏற்கப்படும்னு!”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. உறையைக் குனிந்து எடுத்தார்.

“நீங்க இந்த வருஷம் அந்தப் பக்கமே போகலையே” என்றார் டீச்சர்.

“போகல” என்றார் விரிவுரையாளர். “ஆனா விடாதீங்க.”

விடைக்குறிப்பும் கழன்றாயிற்று. எழுதினவர் எழுதியிருக்கிறார். ஒப்பிட்ட மெஷின் கொடுத்ததை ஒப்பிட்டிருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இரண்டுக்கும் நடுவில்தான் விழுந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பது பதிவுப் பிரிவு.

மறுநாள் டீச்சர் பெண்ணையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். பதிவுப் பிரிவின் ஜன்னலில் இரும்புக் கம்பி. அந்தப் பக்கம் கணவர். காலையில் அவருக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடிக் கொடுத்த அதே கை இப்போது கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தது.

“சார்” என்றார் டீச்சர்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“சொல்லுங்க... டீச்சர்.”

“கணக்குத் தேர்வு விடைக்குறிப்புல, சமமான எந்த ஜோடியும் ஏற்கப்படும்னு ஒரு வாக்கியம் இருந்துச்சா?”

“அது நான் சொல்லக் கூடாது.”

“இருந்துச்சுன்னு எழுதினவர்கிட்டயே கேட்டுட்டு வந்துட்டேன். அது மெஷினுக்குள்ள போகல. எங்க விழுந்துச்சு?”

பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லச் சொன்னார். “சொல்லிடுங்க சார். இங்க சொல்லலன்னா உங்களுக்கு ராத்திரி சோறு கிடைக்காது.”

கணவர் சிரிக்கவில்லை. எழுந்து கம்பிக்கு அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“பெட்டியில ஒரு விடைக்குத்தான் இடம். வாக்கியம் அடிச்சா ஏத்துக்காது. போய்க் கேட்டேன். முதல் விடைய மட்டும் போடு, கீழ இருக்கற வியாக்கியானத்த விட்டுடுன்னார்.”

“யாரு?”

கணவர் கண்ணாடி அறையின் பக்கம் பார்த்தார். பெயர் சொல்லவில்லை.

நேற்று, மெஷின் மேல் தப்பில்லை என்று சொன்ன மனிதர். விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்று கூசாமல் சொன்னவர். விடைக்குறிப்பைப் பாதியாக நறுக்கச் சொன்னதே அவர்தான்.

டீச்சர் கண்ணாடிக் கதவைத் தட்டவில்லை. திறந்தார். உள்ளே அவர் பேசியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. மாணவர்களுக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதினவர் என்ன எழுதினார். பெட்டி எதைப் பிடித்தது. எதை விடச் சொன்னது யார். ஒரு இடத்திலும் கத்தவில்லை. கத்தியிருந்தால் கண்காணிப்பாளர் பிழைத்திருப்பார். கத்துகிற பெண்ணை வெளியே போகச் சொல்லிவிடலாம்.

கண்காணிப்பாளர் மூன்று பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார்.

“டீச்சர், நடந்தது நடந்துபோச்சு. பொண்ணோட எதிர்காலம் முக்கியம். ஒரு வழி பண்ணிடலாம். அந்தக் கேள்விக்குக் கருணை மதிப்பெண் போட்டுடறேன். கோட்டுக்கு மேல வந்துடுவா. ஆட்சேபணைய வாபஸ் வாங்கிட்டதா ஒரு கையெழுத்து போதும்.”

“கருணையா?”

“விதியில அப்படித்தான் பேரு.”

“சரியா எழுதினதுக்குக் கருணையா? அப்ப தப்பா எழுதினவங்களுக்கு என்ன குடுப்பீங்க, மன்னிப்பா? இதே மாதிரி எழுதின மத்த பிள்ளைங்க?”

“அவங்க யாரும் ஆட்சேபிக்கலையே.”

டீச்சர் எழுந்தார். “கையெழுத்தெல்லாம் போட முடியாது. வா” என்று பெண்ணின் தோளைத் தொட்டார். மூவரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். டீ அப்படியே ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தில் பங்க்கு அம்மா நின்றுவிட்டார்.

“டீச்சர், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே.”

“சொல்லுங்க.”

“அவர் மார்க் குடுக்கறேன்னு சொல்றார். கருணையோ கிருணையோ, அத யாரு பாக்கப் போறா? இவ உள்ள போயிடுவா. நீங்க வேணாம்னு சொல்லிட்டு வர்றீங்க. நீங்க ஜெயிக்கறதுக்கு எம் பொண்ணு வெளிய நிக்கணுமா?”

டீச்சர் கண்ணாடி அறையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பெண் சுவரோரம் நின்றிருந்தாள். “டீச்சர், நான் கையெழுத்துப் போட்டா என் விடை சரின்னு ஆகுமா, தப்புன்னுதான் இருக்குமா?”

“தப்புன்னுதான் இருக்கும். மார்க் மட்டும் வரும்.”

“போடலன்னா?”

“சண்டை போடணும். எப்ப முடியும்னு தெரியாது. அதுக்குள்ள கணக்குப் பிரிவுல இடம் நிரம்பிடும்.”

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடு” என்றார் டீச்சர். “உன் அம்மா சொல்றதுதான் சரி. இது என் சண்டை. உன் தலைமேல ஏறி நின்னு நான் சண்டை போடக் கூடாது.”

பெண் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். கண்காணிப்பாளர் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டில் துணி மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். கணவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“என் மேல கோபமா?”

“உங்க மேல என்ன? எழுதினவர் சரியா எழுதினார். நீங்க சொன்னத செஞ்சீங்க. மெஷின் ஒப்பிட்டுது. எல்லாரும் உத்தமர்தான். எல்லாம் சேர்ந்து ஒரு பொண்ணுக்குப் பூஜ்யம். ஒவ்வொண்ணும் சரின்னா சேர்ந்ததும் சரியா இருக்கணுமில்ல? இருபது வருஷமா இதத்தானே சொல்லிக் குடுக்கறேன்?”

கணவர் மடித்த துணிகளை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“அவ மாதிரி இன்னும் இருக்காங்க” என்றார்.

“யாரு?”

“வேற ஜோடி எழுதினவங்க. இன்னிக்கு மத்தியானம் திறந்து பாத்தேன். எனக்குச் சரியான்னு தெரியல. ஒண்ணொண்ணுலயும் ஒரு நம்பர் போட்டுப் பாத்தேன். நீ கிளாஸ்ல பண்ணுவியே, அந்த மாதிரி. நிறைய சரியா வந்துச்சு. எல்லாம் சிவப்பு.”

டீச்சர் மடிப்பதை நிறுத்தினார்.

“வாபஸ் வாங்கினது அந்தப் பொண்ணுதான். நான் வாங்கல” என்றார் கணவர். “பதிவுல பிழைன்னு தெரிஞ்சா பதிவு பண்ணினவன் எழுதிக் குடுக்கலாம். விதி இருக்கு. யாரும் குடுத்ததில்ல.”

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். விடைக்குறிப்பின் ஒரு வாக்கியத்தைத் தான் சேர்க்கவில்லை, அதனால் சரியான விடைகள் தவறு எனக் குறிக்கப்பட்டன என்று எழுதியிருந்தார்.

டீச்சர் படித்தார். கோபம் போன வழியே திரும்பி வந்தது.

“இதென்ன? நீங்களே விட்ட மாதிரி இருக்கு. விடச் சொன்னது யாரு? அது எங்க?”

“மேலதிகாரி பேர எழுதினா மெமோ வரும்.”

“எழுதலன்னா?”

அவர் யோசித்தார். “அப்பவும் மெமோதான்.”

“அப்ப உண்மைய எழுதிட்டே வாங்குங்க. பொய்க்கும் அதே விலைன்னா எதுக்குப் பொய்? உக்காருங்க. வேற தாள் எடுங்க.”

அவர் எழுதினார். டீச்சர் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை. எழுதி முடித்ததும் ஒரே ஓர் இடத்தில் விரல் வைத்தார். ‘கூறப்பட்டது’ என்று எழுதியிருந்தார். கணவர் அதை அடித்துவிட்டுக் ‘கண்காணிப்பாளர் கூறினார்’ என்று எழுதினார்.

மெமோ வந்தது. அதற்குப் பதில் கொடுத்த பிறகு கணவரைப் பழைய விடைத்தாள்கள் அடுக்கி வைக்கிற கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இல்லை. தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். கண்காணிப்பாளரை மாற்றவில்லை. கண்ணாடி அறை அப்படியே இருந்தது.

பிறகு அறிவிப்பும் வந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே பத்தி. ‘சில தொழில்நுட்பக் காரணங்களால்’ அந்த வினா நீக்கப்படுகிறது. தேர்வு எழுதிய அனைவருக்கும் அந்த வினாவுக்கு முழு மதிப்பெண்.

ஆசிரியர் அறையில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். “ஜெயிச்சிட்டீங்க டீச்சர்! ஸ்வீட் எங்க?”

“எத ஜெயிச்சேன்?”

“எல்லாருக்கும் மார்க்!”

“எல்லாருக்கும்தான். பெட்டிய காலியா விட்டவனுக்கும் மார்க். உள்ளயும் வெளியயும் மாத்திப் போட்டவனுக்கும் மார்க். யோசிச்சு எழுதினவளுக்கும் அதே மார்க். அவ விடை சரின்னு எந்த இடத்துலயாவது சொல்லிருக்காங்களா பாருங்க. சரின்னு சொல்ல வாய் வரல. அதுக்குக் கேள்வியவே கொன்னுட்டாங்க.”

“எப்பவும் ஒரு குறை உங்களுக்கு” என்றார் பௌதிக வாத்தியார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். மணி அடித்திருந்தது.

கணக்குப் பிரிவின் வகுப்பு மாடியில். கோட்டைத் தாண்டியவர்களோடு, அறிவிப்புக்குப் பிறகு தாண்டினவர்களும் வந்திருந்தார்கள். கூடுதலாகப் பெஞ்சு போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் இரண்டாவது வரிசையில் இருந்தாள். கருணை இப்போது தேவைப்படவில்லை. ஆனால் அவளுக்குச் சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

டீச்சர் வருகைப் பதிவு எடுக்கவில்லை. கரும்பலகையில் நீக்கப்பட்ட வினாவை எழுதினார். அதன் கீழே முதல் ஜோடியை எழுதினார். பிறகு சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் எழுந்து வந்து எழுதினாள். உள்ளே எக்ஸ் கூட்டல் மூன்று. வெளியே வர்க்கமூலத்தின் இரண்டு மடங்கு.

“ஒரு நம்பர் சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“பதிமூணு!”

அவள் போட்டாள். இரண்டு பக்கமும் எட்டு வந்தது.

“சரியா, தப்பா?”

“சரி!” வகுப்பு முழுக்கக் கத்தியது. கீழ் மாடியில் ஜன்னல் கதவை யாரோ சாத்தினார்கள்.

“வேற யாரு?”

ஒருத்தன் எழுந்தான். “உள்ள நாலு எக்ஸ் மட்டும் வெச்சுட்டு, பன்னண்ட வெளிய கூட்டிக்கலாம் டீச்சர். நான் அப்படித்தான் எழுதினேன். எனக்கும் சிவப்புதான்.”

“வந்து எழுது.”

இன்னொருத்தி எழுந்தாள். உள்ளே இரண்டு எக்ஸ் கூட்டல் ஆறு என்றாள். வெளியே எக்ஸை இரட்டித்து அதற்கு மூலம். போட்டுப் பார்த்தார்கள். வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

“டீச்சர், உள்ள வெறும் எக்ஸ். வெளிய மொத்தமும். ஒண்ணுமே பண்ணாம அப்படியே.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கொஞ்சம் முறைத்தார்.

“அதுவும் சரிதான். சோம்பேறித்தனமா சரி. வந்து எழுது.”

பலகை நிறைந்துகொண்டே வந்தது. வினாவுக்கு மேலேயும் எழுதினார்கள், ஓரத்திலும் எழுதினார்கள். ஒன்று மட்டும் தப்பாக வந்தது. எங்கே தப்பு என்று அதை எழுதினவனே கண்டுபிடித்துத் திருத்தினான். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு வந்த பௌதிக வாத்தியார் வாசலில் நின்றார். பலகையைப் பார்த்தார்.

“டீச்சர், அழிச்சுக் குடுத்தா நான் ஆரம்பிக்கலாம்.”

டஸ்டர் டீச்சரின் கையில் இருந்தது. அவர் அதை நீட்டவில்லை.

“இன்னும் ரெண்டு பேர் எழுதணும்” என்றார். “இருங்க.”